சிங்கமலைச் சுரங்கத்தில் நள்ளிரவு

இன்றிரவு பன்னிரண்டு மணியோடு
எங்கள் ரயில் கைமாறுகிறது என்று
ஒரு மாதமாக அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்.
நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயா வரை
எஞ்சின், பெட்டி, கக்கூஸ் வாளி,
என் சீசன் டிக்கட், அதிலுள்ள என் பழைய முகம்
எல்லாம் புதிய ஒப்பந்தக்காரருக்கு.

யாரும் பெரிதாகப் பதறவில்லை.
கம்பெனி மாறுவது எங்களுக்குக் காய்ச்சல் மாதிரி.
அப்பா வேலை செய்த தோட்டம்
நான்கு கம்பெனி பார்த்தது.
ஒவ்வொரு முறையும் தராசுக்குப் புதுப் பெயின்ட்.
முள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும்,
கொழுந்தில் இரண்டு கிலோ கழித்தபடி.

ஏழு இருபதுக்கு வரவேண்டிய கடைசி ரயில்,
வட்டவளைக்குக் கீழே மண் சரிந்ததில்,
ஹட்டனை விட்டுக் கிளம்பும்போது
பதினொன்று ஐம்பத்து நான்கு.
பெட்டியில் மிஞ்சியது ஆறு பேர்.

நீதிமன்றத்தில் தட்டெழுதும் இருதயநாதன்
பிளாஸ்க் மூடியில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு
சட்டக் கேள்வி ஒன்றைப் போட்டார்.
"ஏறியது பழைய கம்பெனியில்.
கொட்டகலையில் இறங்குவது புதியதில்.
நடுவே சுரங்கத்தில் நின்றுவிட்டால்
நாம் யாருடைய பொறுப்பு?"
"என் மாமியாருடைய பொறுப்பு, சேர்,"
என்றாள் வங்கியில் வேலை செய்யும் நஸ்லியா.
"இப்போதே பன்னிரண்டு கோல்."

பேச்சாயி பக்கத்தில் வந்து நின்றாள்.
கையில் விளக்குமாறு.
மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து
விளக்குமாறு கேட்டாள்.
சிங்களத்தில் ஒரு பக்கம், இங்கிலீசில் ஒரு பக்கம்.
பின்னால் திருப்பிப் பார்த்தேன், வெறுமை.
வாசித்துச் சொன்னேன்:
நாளை முதல் நீங்கள் புதிய ஊழியர்.
மூன்று மாதம் தகுதிகாண் காலம்.
முன்னைய சேவை கணக்கில் கொள்ளப்படாது.

பதினொரு வருசம்.
வாந்தி, வெற்றிலைத் துப்பல்,
உல்லாசப் பயணிகள் விட்டுப்போன அன்னாசித் தோல்,
ஒருநாள் சீட்டுக்கு அடியில்
கைக்குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து.
அதை அவள் ஒரு மாதம் வைத்திருந்தாள்,
யாராவது தேடி வருவார்கள் என்று.

"அப்ப நா புதுசா?"
"ஆமாம்."
"வயசையும் கொறச்சிப் போட்டிருக்கானா, நல்லாப் பாரு."

சுரங்கம் வந்தது.
யன்னல்கள் கறுத்து
எங்கள் முகங்களைத் திருப்பித் தந்தன.
நஸ்லியாவின் போன் செத்தது.
கார்ட் தர்மப்பிரிய மணிக்கூட்டைப் பார்த்தார்,
தொப்பியிலிருந்த சின்னத்தைக் கழற்றிப் பையில் போட்டார்,
புதியதைத் தேடினார்.
மேல்பையில் இல்லை. காற்சட்டைப் பையிலும் இல்லை.
ஒரு நிமிடத்துக்கும் குறைவாக
யாருடைய ஆளாகவும் இல்லாமல் நின்றார்.
ரயில் போய்க்கொண்டுதான் இருந்தது.
சுவரில் ஊற்று நீர் இறங்கும் சத்தம்.
பேச்சாயி குனிந்து
கச்சான் கோதுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்,
எந்தக் கணக்கிலும் வராத கூட்டல்.

கொட்டகலையில் புதிய பலகை ஏறியிருந்தது.
சிங்களம் சரி. இங்கிலீசு சரி.
தமிழில் 'கொட்டகளை'.
களை என்றால் தேயிலைக்குள் முளைப்பது,
பிடுங்கினால் நாட்சம்பளம்.
இந்த நேரத்தில் உடம்பில் இறங்குவதும் அதுதான்.
இருதயநாதன் பேனையை எடுத்துக்கொண்டு எம்பினார்.
எட்டவில்லை.

பழைய கம்பெனியின் ஆள் ஒருவன்
டோர்ச்சோடு மேடையில் காத்திருந்தான்.
வாளி ஒன்று, துணி இரண்டு, விளக்குமாறு ஒன்று.
பேச்சாயியிடம் கையெழுத்து வாங்கி
எல்லாவற்றையும் சாக்கில் கட்டினான்.
புதிய கம்பெனியின் சாமான்கள்
புதன்கிழமைதான் வருமாம்.
முதல் ரயில் ஐந்து நாற்பதுக்கு.

தண்டவாளத்தைக் கடக்கும்போது கேட்டாள்,
"ஒன் வூட்ல நல்ல வெளக்கமாறு இருக்கா?"
இருந்தது. போன கிழமை வாங்கியது,
ஈர்க்கு இன்னும் உதிரவில்லை.
"காலையில கொண்டாந்துரு" என்றாள்,
புதிய ஊழியருக்குரிய
எந்தத் தயக்கமும் இல்லாமல்.